ஐம்பத்தைந்து இஞ்சும் மலாய் எழுத்தும்

என் மனைவி சினிமாக் கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் சிரிப்பாள். திரையில் அந்தச் சிரிப்பு நடிகர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார். இவள் சிரித்து முடித்திருப்பாள். அதன் பிறகு அவர் பேசுவார், கொட்டகை முழுவதும் சிரிக்கும், இவள் மட்டும் அமைதியாக பாப்கார்னைத் துழாவிக்கொண்டிருப்பாள். ஒருநாள் முன் வரிசையில் இருந்தவர்கள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்கள். ஏற்கெனவே பார்த்த படம்போல என்று நினைத்திருப்பார்கள். அது படம் வெளியான முதல் நாள்.

நான்கு வருடங்களுக்கு முன்னால், அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். எங்கள் நாட்டில் தமிழ்ப் படம் எங்கே ஓடினாலும் திரையின் அடியில் மலாய் மொழிபெயர்ப்பு எழுத்தாக ஓடும். நாங்கள் அதைப் பார்ப்பதில்லை. புடவைக் கரைபோல அது தன்பாட்டில் அடியில் கிடக்கும். அந்த எழுத்து, பேச்சு வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் வந்துவிடும். என் மனைவி அதைப் படித்துக்கொண்டிருந்தாள். தமிழைக் காதால் கேட்காமல் மலாயைக் கண்ணால் படித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருடம் அவள் எங்கள் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு டின் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தகரத்தை அழுத்தி மூடி வெட்டும் மெஷின். காதில் வைக்கப் பஞ்சு மாதிரி ஒன்று கொடுப்பார்கள்; அரிக்கிறது என்று பாதி நாள் வைக்க மாட்டாள். வேலையை விட்டு வந்த பிறகும் எங்களிடம் மெஷினுக்கு மேலே பேசுவதுபோலத்தான் பேசினாள். பழக்கம் என்று நினைத்தோம். பிறகு தொலைபேசி அடித்தால், "நீங்க எடுங்க, எனக்குக் கை ஈரம்" என்று சொல்ல ஆரம்பித்தாள். நாளெல்லாம் அவளுக்குக் கை ஈரமாகவே இருந்தது.

எனக்குத் தொலைபேசி என்றால் பயம். நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவன். ஒரு சாயக் கிடங்கில் ஸ்டோர் கிளார்க் வேலை. சாய டின்களை, பெட்டிகளை எண்ணுவேன், எழுதுவேன். பேச வேண்டிய அவசியம் குறைவு. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கான பேச்சையெல்லாம் அவள்தான் பேசினாள். பாசாரில் விலை கேட்பது, பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைப் பார்ப்பது, தண்ணீர் பில் அதிகமாக வந்தால் கவுண்டரில் போய் நிற்பது எல்லாம் அவள். நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அதனால் அவள் காதைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டிய வேளை வந்தபோது என்னால் கேட்க முடியவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான்கு வருடம் ஆரம்பிக்காமலேயே போய்விட்டது.

வீட்டில் எங்களிடம் முப்பத்திரண்டு இஞ்ச் டிவி ஒன்று இருந்தது. முன்னறையில் அலமாரிக்கு மேலே, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். சோபாவிலிருந்து பார்த்தால் அந்த மலாய் எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் ஆரம்பித்ததும் அவள் எழுந்துவிடுவாள். "நீங்க பாருங்க, எனக்குக் குசினியில வேல கெடக்கு." ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்ப் பார்த்தேன். குசினியில் ஒரு வேலையும் இல்லை. சின்ன முக்காலியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி தேடிப் பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லா டப்பாவும் மூடியாகிவிட்டது. ஒன்றைத் திறந்து மறுபடியும் மூடினாள்.

கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் சிரிக்கிறவள் வீட்டில் படமே பார்ப்பதில்லை. எழுத்தின் அளவுதான் காரணம் என்று அன்றைக்குப் புரிந்தது. கொட்டகைக்கும் இப்போது அடிக்கடி போக முடிவதில்லை. அந்தப் படிக்கட்டு அவள் முழங்காலுக்கு ஆகவில்லை. ஆகவே கொட்டகையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். வாழ்க்கையில் நான் தனியாகச் செய்த முடிவுகள் சிலவற்றில் அது ஒன்று.

மகள் கல்யாணமாகி செராஸில் இருக்கிறாள். அவளுடைய அறை காலியாகக் கிடந்தது. ஒன்பதுக்குப் பத்து அடி.

"பிள்ள ரூம சின்ன தியேட்டரா ஆக்கிடலாமா?" என்று மனைவியிடம் அவள் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். அப்படி நின்றால்தான் அவளுக்கு விளங்கும் என்று அதற்குள் பழகியிருந்தேன்.

"தியேட்டரா? லாட்டரி ஏதும் அடிச்சுதா?"

"அடிக்கல. போனஸ் வந்துச்சு. ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்குள்ள ஒரு டிவி பாக்கலாம்."

"இருக்கற டிவிக்கு என்ன?"

"உயரமா இருக்கு, கழுத்து வலிக்குது" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் என் கழுத்துக்காக நான் ஒரு நாளும் செலவு செய்தவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

செராஸில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடையில் தள்ளுபடி என்று மகள் சொல்லியிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். கடைக்குள் நுழைந்தால் நூறு டிவி. எல்லாவற்றிலும் ஒரே மீன், ஒரே பூ, ஒரே ஆரஞ்சுப் பழம் தண்ணீருக்குள் விழுந்துகொண்டிருந்தது. எதிலும் ஓர் எழுத்துகூட இல்லை. நான் எதைப் பார்க்க வந்தேனோ அது மட்டும் அங்கே இல்லை.

கடைக்காரத் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், யாரிடம் பேசுவது என்று உடனே முடிவு செய்துகொண்டார். எல்லாக் கடையிலும் அப்படித்தான். அவர் அவளிடம் அறுபத்தைந்து இஞ்சைக் காட்டினார், அவள் தலையாட்டினாள். அடியில் வைக்கிற சவுண்ட்பாரைக் காட்டினார், தலையாட்டினாள். ஐந்து வருட வாரண்டி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார், சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவர் பில் புத்தகத்தைத் திறந்தார்.

"ஆன்டி ஓகே சொல்லிட்டாங்க, அங்கிள். கார்டா, கேஷா?"

ஐம்பது காசுக்காகக் கீரைக்காரரிடம் பத்து நிமிடம் நிற்கிறவள் அவள். நாலாயிரம் வெள்ளிச் சாமானுக்குச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மேலே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை. 'என்ன சொன்னீங்க' என்று மூன்றாவது தடவை கேட்பதற்குப் பதிலாக ஆமாம் சொல்லிவிடுவது என்று எப்போதோ அவள் முடிவு செய்திருக்கிறாள். இப்படி எத்தனை இடத்தில், எத்தனை பேருக்குத் தலையாட்டியிருப்பாளோ.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் நான்தான். ஆனால் "டாய்லெட் போயிட்டு வரோம்" என்றேன். அவள் கையைப் பிடித்து நடந்தேன். கடை வாசல், மின்தூக்கி, கார் நிறுத்துமிடம் என்று நிற்காமல் போய்க் காரில் ஏறி வெளியே வந்துவிட்டேன்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் பாதித் தூரம் வந்த பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"டாய்லெட் கிள்ளான்லயா இருக்கு?"

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நானும் சிரித்தேன். கடையில் நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மறுநாள் நான் பக்கத்துப் புத்தகக் கடையில் நான்கு மாஜோங் தாள் வாங்கிவந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுவரொட்டி வரைய வாங்குவார்களே, அந்தப் பெரிய வெள்ளைத் தாள். கடைக்குப் போய் மிரள்வதைவிட வீட்டிலேயே அளவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது என் யோசனை. நாற்பத்து மூன்று, ஐம்பது, ஐம்பத்தைந்து. அளவு நாடாவைப் பிடித்து அகலத்தை அப்படியே இஞ்ச் கணக்கில் வெட்டி, தாள்களை ஒட்டி, சுவரில் மாட்டினேன். மகள் அறையில் அலமாரி பொருத்திய இடம் போக, ஜன்னல் சட்டம் வரை ஐம்பத்து நான்கு இஞ்ச்தான் இருந்தது. ஐம்பத்தைந்து இஞ்ச் தாள் ஜன்னல்மேல் ஒரு இஞ்ச் ஏறி நின்றது.

மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். "இது டிவியா, கட்டில் விரிப்பா?"

"பெரிசா இருந்தா நல்லாருக்கும்."

"ஜன்னல ஒடைக்கப் போறீங்களா?"

ஐம்பதை மாட்டினேன். அதுவும் சுவரை அடைத்தது. கடைசியில் நாற்பத்து மூன்று என்று முடிவானது. எனக்கு மனசு ஒப்பவில்லை. தாளில் கறுப்பு மையால் அடியில் இரண்டு வரி மலாய் எழுதி, ஏழு அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது. ஆனால் எவ்வளவு பெரிய எழுத்து எழுத வேண்டும் என்று எனக்கே தெரியாது. நான் எழுதியது என் இஷ்டத்துக்கு எழுதியது. அந்தத் தாள் இரண்டு நாள் சுவரில் இருந்தது. மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது என் எழுத்தில் ஒரு பிழையைப் பென்சிலால் திருத்தியிருந்தாள். மலாய் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். ஐந்தாம் படிவம் வரை படித்தவள்; எங்கள் வீட்டு வரிசையில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். நான் ஏன் மலாயில் எழுதினேன் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கிள்ளானிலேயே ஒரு சின்ன மின்சாமான் கடைக்குப் போனோம். மொத்தம் ஒரு பத்து டிவி இருக்கும். கடையில் பாட்டு இல்லை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கவுண்டரிலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்டி. என்ன சைஸ் பாக்கறீங்க?"

அவர் வழக்கம்போல என் மனைவியைப் பார்த்தார். அவள் தலை ஆட ஆரம்பிப்பதற்குள் நான் பேசினேன். "வீட்டுல சின்ன தியேட்டர் வைக்கணும். நாப்பத்து மூணு. சொவரு பத்தாது" என்று மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தேன்.

அந்தப் பெண் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓர் அளவு நாடாவை எடுத்து, பக்கத்தில் இருந்த டிவியின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குச் சாய்வாகப் பிடித்தார். "டிவிய இப்படி அளப்பாங்க, அங்கிள். மூலைக்கு மூல. நீங்க சொவருக்குக் கர்ட்டன் அளந்த மாதிரி அளந்துட்டீங்க."

மனைவிக்குக் கேட்க வேண்டியதே இல்லை, பார்த்தாலே விளங்கிவிட்டது. "ரெண்டு நாளா செவுத்துல ஒட்டி வெச்சிக் கும்புடாத கொறதான்! பெட்டியெல்லாம் எண்ணுற ஆளு லா இவரு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். கடையே கேட்கும்படி சொன்னாள்.

ஐம்பத்தைந்து இஞ்ச் டிவியின் அகலம் நான்கு அடிதான். எங்கள் சுவரில் அது உட்கார்ந்து இன்னும் ஆறு இஞ்ச் மிச்சம் இருக்கும். எனக்கு அந்தக் கடையிலேயே துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது.

ஆனால் திரையில் அதே மீன்தான் நீந்திக்கொண்டிருந்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும்.

"தமிழ்ப் படம் ஏதாச்சும் போட்டுக் காட்ட முடியுமா? மலாய் எழுத்து வர்ற படமா."

"முடியும் அங்கிள். சவுண்டும் கேட்டுப் பாருங்க. சவுண்ட்பார் சேத்து எடுத்தா—"

"சத்தம் வேணாம்."

"சவுண்ட்பார் வேணாமா?"

"சத்தமே வேணாம். மூடிடுங்க."

"வீட்டுல தியேட்டர் வைக்கிறேன்னு சொல்றீங்க. சத்தம் இல்லாம எப்படி அங்கிள்?"

என் மனைவி என் பக்கத்தில்தான் நின்றாள். "எனக்குச் சத்தம் புடிக்காது" என்றேன். "தல வலி வரும்."

அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு மூன்று டிவியில் ஒரே படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார். ஒரு கல்யாண வீட்டுக் காட்சி. அழைக்காத ஆள் ஒருவர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையின் சித்தப்பா என்று சொல்லிச் சமாளிக்கிறார். நான் தரைக் கல்லை எண்ணி ஏழு அடி பின்னால் போனேன். மனைவியையும் கூப்பிட்டு நிறுத்தினேன். நான் டிவியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

நாற்பத்து மூன்றில் அவள் கண்ணைச் சுருக்கினாள். சிரிப்பு வந்தது, ஆனால் அந்த ஆள் பேசி முடித்து, இலையில் கை வைத்த பிறகு வந்தது. ஐம்பதில் அவர் வாயசைவோடு சேர்ந்து வந்தது. ஆனால் அந்த மலிவு டிவியில் இருட்டான காட்சி வந்தபோது வெள்ளை எழுத்தைச் சுற்றிப் புகைபோல ஒரு மங்கல் படர்ந்தது. அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஐம்பத்தைந்து, பெயர் தெரியாத கம்பெனி, காட்சிக்கு வைத்திருந்த டிவி என்பதால் விலை குறைத்திருந்தார்கள். கண்ணாடிபோல மினுங்காத திரை. மேலே எரிந்த விளக்கு அதில் தெரியவில்லை. எழுத்து அச்சடித்ததுபோல நின்றது. அந்த ஆள் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி சிரித்துவிட்டாள்.

"இதான்" என்றேன்.

கடைக்காரப் பெண் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகு சவுண்ட்பார் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவிக்கு நேரே போய் நின்று, மெதுவாக, வாய் தெரியும்படி, "நல்ல சாமான் ஆன்டி. ரெண்டு வருசம் வாரண்டி இருக்கு" என்றார். மனைவி தலையாட்டவில்லை. "பழசுல எழுத்துத் தெரியாம கண்ணு வலிச்சுது. கொறச்சிப் போடுங்க" என்றாள். ஐம்பது வெள்ளி குறைத்தார்கள். ஆயிரத்து எழுநூற்று நாற்பதுக்கு முடிந்தது.

டிவியைப் பின்னால் லோரியில் அனுப்புவதாகச் சொன்னார்கள். நாங்கள் காரில் ஏறினோம். நான் சாவியைத் திருப்பவில்லை, ஏனென்றால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் உங்களுக்குப் புடிக்காதா?"

நான் ஸ்டீயரிங்கைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எப்பலேருந்து தெரியும்?"

"கொட்டகையில நீ எல்லாருக்கும் முன்னால சிரிச்ச அன்னிக்கே."

"அது நாலு வருசம்!"

"ம்."

"நாலு வருசமா வாயத் தொறக்கல! இப்படியும் ஒரு ஆம்பளையா? சாயக் கிடங்குல டின்னோட டின்னா இருந்து நீங்களும் டின்னாயிட்டீங்க." கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் திட்டிக்கொண்டே இருந்தது. "நான்தான் ஒளிச்சி வெச்சிருக்கேன்னு நெனச்சேன். நீங்க அதுக்கும் மேல ஒளிச்சி வெச்சிருக்கீங்க."

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"இன்னிக்கி மட்டும் அந்தப் பிள்ளகிட்ட நல்லாக் கேட்டீங்களே, வெக்கமில்லாம, சத்தமே வேணாம்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில தேதி எடுங்க. காதப் பாத்துக்கறேன். ஆனா நீங்கதான் ஃபோன் பண்ணணும்" என்றாள்.

திங்கட்கிழமை தொலைபேசியில் பேசினேன். மூன்று இடத்துக்கு மாற்றினார்கள், மூன்று பேரிடமும் முதலிலிருந்து சொன்னேன். தேதி கிடைத்தது.

டிவி மாட்ட வந்தவர் ஸ்குரூவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரின் மேல்பக்கத்தைத் தட்டினார். "இங்கதான் அண்ணே எல்லாரும் மாட்டுவாங்க. பாக்க எடுப்பா இருக்கும்." இல்லை, இன்னும் கீழே என்றேன். கீழே வந்தார். இன்னும் கீழே என்றேன். "தரையிலயா வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். மனைவியை நாற்காலியில் உட்காரச் சொல்லி, அவள் கண்ணுக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். திரையின் அடிப்பகுதி, எழுத்து ஓடும் இடம், அந்தக் கோட்டுக்கு வர வேண்டும் என்றேன். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவையாக ஒருவரிடம் நான் விட்டுக்கொடுக்காமல் பேசியிருந்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் திரை தைத்து மாட்டினோம். வேறு ஒன்றும் வாங்கவில்லை. பழைய சோபாவைத்தான் இழுத்துப் போட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வந்திருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். சத்தம் போதுமான அளவுக்கு இருந்தது, மகளுக்காக. பத்து நிமிடத்தில் மனைவி சிரித்தாள். பிறகுதான் படத்தில் இருந்தவர் பேசினார்.

"ம்மா, இந்தப் படத்த ஏற்கெனவே பாத்துட்டீங்களா?"

"நான் படிச்சிக்கிட்டிருக்கேன்" என்றாள் மனைவி. "எனக்குக் காது சரியா கேக்கல பிள்ள. ஒங்கப்பாக்கு நாலு வருசமாத் தெரியுமாம், ஒனக்குத்தான் தெரியாது." அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை மகள் பக்கம் தள்ளினாள். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நான் இப்போது மலாய் எழுத்தைத்தான் பார்க்கிறேன். அவள் சிரிக்கும்போதே நானும் சிரித்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. ஆனால் மூன்றாம் படிவத்து மலாய். அதுவும் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் படித்தது. இரண்டாவது வரிக்கு வருவதற்குள் எழுத்து மாறிவிடுகிறது. படிப்பதிலேயே கவனம் போய் நடிகர் பேசியதையும் தவற விட்டுவிடுகிறேன். அன்றைக்கும் அப்படித்தான். அவள் சிரித்தாள், மகள் சிரித்தாள், நான் இன்னும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் முழங்கையை இடித்தாள்.

"என்னங்க, இன்னும் அந்த வரிதானா? சீக்கிரம் வாங்க."